கண்மை தயாரிக்கும் கார்

எங்கள் காருக்கு மூச்சு முட்டுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுக்காரர். காலை எட்டரைக்கு நான் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அவர் ஓடிவந்து கொடியில் காயும் வேட்டிகளை உருவிக்கொண்டு உள்ளே போவார். ஆறு மாதமாக இது நடந்தது. கார் வைத்திருப்பவனுக்குத் தெரு கொடுக்கும் ஏதோ ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நானும் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்பக்கம் தெரியும் கண்ணாடியில் பார்த்தால் அவரைக் காணோம். அவர் வீட்டையும் காணோம். ஈர விறகை வைத்து ஊதின அடுப்பு மாதிரி தெரு முழுக்கக் கரும்புகை.

இந்தக் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 2014 ஜூன். அப்போதுதான் டீசல் கார் வாங்கினேன். பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் மலிவாக இருந்த காலம். டீசல் மாடலுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்றாலும், பத்து வருஷத்தில் எவ்வளவு மிச்சம் என்று நாற்பது பக்க நோட்டில் கணக்குப் போட்டு, மனைவியிடம் காட்டி, அவள் பார்க்காமலே “சரி” என்றதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வாங்கினேன். அதே வருஷம் அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. நான் வாங்கி நாலு மாதம். என் நோட்டை டெல்லியில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அது போகட்டும். வாங்கின டீசல் காரை எங்கே ஓட்டினேன்? உறையூரில் வீடு. தில்லைநகரில் மனைவியின் ஆபீஸ். நடுவில் இரண்டு கிலோமீட்டர், ஐந்து சிக்னல், எண்ணில்லாத ஷேர் ஆட்டோ. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அதுவும் எப்படி ஓட்டுவேன் தெரியுமா? மைலேஜ் குறையக் கூடாது என்று முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே நாலாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டு ஓட்டுவேன். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட எஞ்சினை அலறவிட்டதில்லை. அதற்காக யாராவது பாராட்டுப் பத்திரம் கொடுப்பார்கள் என்றுகூட எதிர்பார்த்ததுண்டு.

பத்திரம் வந்தது, மஞ்சள் விளக்காக. டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கு நேர் கீழே எஞ்சின் படம் போட்ட விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. “பிள்ளையார் முன்னாடி விளக்கு எரியுது. நல்லதுதானேடா?” என்றாள் அம்மா. ஒரு வாரம் நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேட்டில் வண்டி திணறி, பின்னால் வந்த டவுன் பஸ் அடித்த ஹாரனில் பக்தி கலைந்தது. 850 ரூபாய்க்கு ஒரு ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துவாரத்தில் சொருகி, போனில் பார்த்தேன். பி 0401 என்று வந்தது. ஈ.ஜி.ஆர். பாதையில் புகை போதிய அளவு ஓடவில்லை என்று அர்த்தம். வெளியே இத்தனை புகை விட்டும் உள்ளே போதவில்லையாம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கழற்றிச் சுத்தம் செய்ய 3,200 ரூபாய் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் ஓடிவரும் ஒரு ரத்தம் கொதித்தது. மூன்று போல்ட்டு, ஒரு கப்ளர், கொஞ்சம் கரி. இதற்கு மூவாயிரமா? நானே செய்கிறேன்.

“ஈ.ஜி.ஆர்.னா என்னங்க?” என்று மனைவி கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்த ஒரே நல்ல விஷயம். விளக்க ஆள் கிடைத்தால் நான் சாப்பாடுகூட வேண்டாம் என்பேன். எஞ்சின் வெளியே விடும் புகையில் ஒரு பங்கை மடக்கி, திரும்ப அதன் மூக்கிலேயே ஏற்றுகிற ஏற்பாடு என்றேன்.

“தலையோட போர்த்திக்கிட்டுத் தூங்குவீங்களே, அது மாதிரியா?”

அது மாதிரிதான். ஆனால் காரணம் உண்டு. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யார் வம்புக்கும் போகாது. சிலிண்டருக்குள் சூடு சுமார் 1500 டிகிரியைத் தாண்டினால் மட்டும் ஆக்சிஜனோடு கைகோத்துக்கொண்டு நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். அது நுரையீரலைக் கெடுக்கும், நகரத்துக் காற்றைப் பழுப்பாக்கும். சூட்டைக் குறைக்க என்ன வழி? ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையை உள்ளே விட்டால் அது மறுபடி எரியாது, இடத்தை அடைத்துக்கொண்டு சூட்டையும் வாங்கிக்கொள்ளும். வடை பாயசத்துக்கு முன்னால் சாம்பாரையும் ரசத்தையும் ஊற்றியே பந்தியின் வயிற்றை நிரப்பிவிடும் பரிசாரகர் தந்திரம். 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கார்களில் இது வந்துவிட்டது. நம் ஊரில் மாசுச் சட்டம் இறுக இறுக டீசல் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

“அப்ப நல்லதுதானே? எதுக்கு அடைச்சுக்குது?”

இங்கேதான் விஷயம். ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரி கூடும். நைட்ரஜனைப் பிடித்தால் கரி நழுவும், கரியைப் பிடித்தால் நைட்ரஜன் நழுவும். டீசல் எஞ்சின் செய்கிறவர்கள் பல வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் கம்பெனி டீசல் காரே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டது. நான் இன்னும் போடவில்லை, அவ்வளவுதான். இன்னொரு விஷயத்தை மனைவியிடம் சொல்லாமல் விட்டேன். மிதித்து ஓட்டும்போது எஞ்சினுக்குக் காற்று முழுசாகத் தேவைப்படும் என்பதால் இந்த வால்வு மூடிக்கொள்ளும். மெல்ல உருட்டும்போதுதான் திறந்திருக்கும். அதாவது, பத்து வருஷமாக நான் குழந்தையின் கன்னத்தைத் தொட்ட நேரமெல்லாம் அந்தக் குழந்தை புகையைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் பதினோரு நிமிஷத்தில் முடித்தார். எனக்குப் பானெட்டுக் கொக்கியைக் கண்டுபிடிக்கவே அந்த நேரம் ஆயிற்று. பிறகு வால்வைத் தேடினேன். எஞ்சினுக்குப் பின்பக்கம், வயர்களுக்கும் குழாய்களுக்கும் நடுவில், கல்யாண போட்டோவில் கடைசி வரிசையில் நிற்கும் பெரியப்பா மாதிரி முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. முதல் போல்ட்டு வந்தது. இரண்டாவது, அலன் கீயை விரலில் பதியவைத்துவிட்டு வந்தது. மூன்றாவதைப் பார்க்க முடியாது, தடவித்தான் உணரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவி, திருகி, ‘வந்துவிட்டாய்’ என்று சொல்லும்போது அது விரல் நுனியிலிருந்து நழுவியது. டிங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கீழே இன்னொரு டிங். அப்புறம் சத்தமே இல்லை.

தரையில் விழவில்லை. குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ராத்திரி படுக்கப் போனவர் காலையில் காணாமல்போனார். என் போல்ட்டும் அவர் வழியிலேயே போயிற்று. எஞ்சினுக்கு அடியில் சேறு தெறிக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. கீழே போவதெல்லாம் அதில்தான் தங்கும் என்று எனக்குத் தெரிய மதியம் ஆயிற்று. அதைக் கழற்றியபோது போல்ட்டோடு கூட, நாலு வருஷத்துக்கு முன் வாட்டர்வாஷ் கொடுத்தபோது காணாமல்போன ஆயில் மூடியின் செயினும், ஒரு வேப்பங்கொட்டைக் குவியலும் கிடைத்தன. கொட்டையைச் சேர்த்தது அணிலாகத்தான் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் எதிர்காலத்துக்குச் சேமித்த இன்னொரு ஜீவன்.

வால்வைக் கையில் எடுத்தேன். சாதாரணமாக இரண்டு விரல் நுழையவேண்டிய துவாரம். அதில் ஒரு பென்சில் போகும், அதுவும் சீவின பக்கமாக விட்டால். மீதி முழுக்கக் கறுப்பு. சமையல்கட்டு ஒட்டடை மாதிரி உதிரும் கரி என்று நினைத்திருந்தேன். இது வேறு ரகம். விரலால் தொட்டால் வழுவழுவென்று ஒட்டியது, துடைத்தால் பரவியது, பரவின இடத்தைத் துடைத்தால் துணிக்கும் கைக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டது. மூக்கைச் சொறிந்தேன், மூக்கிலும் வந்தது.

இதன் ரகசியத்தை விளக்கியது அம்மா. ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாத அம்மா. அருகில் வந்து, விரலால் ஒரு துளி தொட்டு, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்து, “இது கண்மைடா” என்றாள்.

உண்மைதான். என் தங்கை பிறந்தபோது வீட்டில் கண்மை செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்ப்பார்கள். ராத்திரி முழுக்கத் தட்டில் படியும் கரியைச் சுரண்டி, நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். என் காருக்குள்ளும் அதே பக்குவம். ஒரு பக்கமிருந்து டீசல் கரி வருகிறது. பிஸ்டன் ஓரமாகக் கசியும் வாயு எஞ்சின் ஆயிலின் ஆவியைச் சுமந்துகொண்டு இன்னொரு பக்கமிருந்து வருகிறது. அதையும் வெளியே விடக்கூடாது, எஞ்சினுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கரியும் எண்ணெயும் ஒரே குழாயில் சந்தித்தால் வேறு என்ன ஆகும்? பத்து வருஷமாக நான் ஓட்டியது கார் இல்லை, சிறுதொழில்.

“கண்ணு பட்டுத்தான் இப்படி நின்னுபோச்சு” என்று சொல்லி, அம்மா கையிலிருந்த மையை முன்பம்பரின் இடது ஓரத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டாக வைத்துவிட்டுப் போனாள். வெள்ளைக் கார். பொட்டு நன்றாகவே இருந்தது.

ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகப் போட்ட காலத்தில் வாங்கிப் பரணில் ஒளித்துவைத்திருந்த பாட்டிலை அம்மாதான் எடுத்துக்கொடுத்தாள். வால்வின் தலையில் மின்சார மோட்டார் இருக்கிறது, அது நனையக் கூடாது என்பதைப் படித்துவைத்திருந்தேன். ஆகவே தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் மாதிரி ஆக்கி, உடம்பை மட்டும் கிண்ணத்தில் ஊறவைத்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அரை மணி ஊறியதும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். கறுப்பு ரசம் ஓடியது. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி தேய்ப்பு. நாலாவது சுற்றில் அடியில் அலுமினியம் தெரிந்தபோது, அகழ்வாராய்ச்சியில் தாழி கண்டவன் மாதிரி வீட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிரஷ் பழையது அல்ல என்பது மறுநாள் காலை மகன் பல் தேய்க்கப் போனபோது தெரிந்தது.

கழற்றின சாமான்களையெல்லாம் வரிசை மாறாமல் தினசரித் தாளை விரித்து அதன்மேல் அடுக்கியிருந்தேன். வீடியோக்காரரின் அறிவுரை. அவர் வீட்டில் பழைய பேப்பர்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை போலிருக்கிறது. நான் தலையில் பை கட்டிய வால்வோடு பின்கட்டில் இருந்த நேரத்தில், மனைவி போல்ட்டுகளைப் பொறுப்பாக ஒரு டப்பாவில் எடுத்துப் போட்டுவிட்டு, தாளை மடித்து எடைக்குப் போட்டுவிட்டாள். தாளோடு ஒட்டிக்கொண்டிருந்த கேஸ்கெட்டும் போயிற்று. வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் வைக்கிற தகட்டு வளையம் அது. கரி படிந்து தாளின் அச்சு மையோடு மையாகக் கிடந்திருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சொன்னேன். அதற்கான பதில் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

கேஸ்கெட் இல்லாமலே மாட்டினால் என்ன ஆகும் என்று யாருக்காவது சந்தேகமிருந்தால் நான் தீர்த்துவைக்கிறேன். இறுக்கி, கப்ளரைச் சொருகி, சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது. கூடவே பானெட்டுக்குள்ளிருந்து புஸ், புஸ், புஸ் என்று ஒரு சத்தம், மூக்கடைத்த ஆள் தூங்குவதுபோல. அப்புறம் ஏ.சி. வழியாக வண்டிக்குள் புகை வாசனை. இதுவரை வெளியே போய் எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைத்தது இப்போது எனக்கே. நான் பேசிக்கொண்டிருந்த மறுசுழற்சி முழுமையடைந்தது.

மாலை ஐந்துக்கு மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் வண்டியை.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எஞ்சின் ஓடும்போது ஸ்ப்ரே அடிக்கலியே?”

“இல்லப்பா.”

“பொழச்சீங்க. பெட்ரோல் வண்டி மாதிரி நெனச்சு காத்து போற குழாய்ல அடிச்சிருந்தா, டீசல் எஞ்சின் அதையே தின்னுட்டு ஓடும். சாவியத் திருப்பினாலும் நிக்காது. நீங்க ஒரு பக்கம் ஓடணும், வண்டி ஒரு பக்கம் கத்திக்கிட்டு நிக்கும்.”

காற்றுக் குழாயில் அடிக்கும் எண்ணம் எனக்கு இருந்தது. ஸ்ப்ரே தீர்ந்துவிட்டதால்தான் அடிக்கவில்லை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்து, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், 190 ரூபாய்க்குக் கேஸ்கெட் வாங்கி வந்தேன். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னான்.

“இதுக்குப் பதிலா ஒரு தகடு வச்சிடலாமா சார்? ஒரே தகடு. பிரச்சனையே வராது. நெறைய பேரு வச்சிருக்காங்க.”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இது கேட்டுவிட்டது. “யாரு தகடு வச்சா? எங்க வச்சிருக்கு?” என்று எழுந்தே விட்டாள். புகைப் பாதையை அடைக்கும் இரும்புத் தகடு என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. எலுமிச்சம்பழம், செய்வினை, வெக்காளியம்மன் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. கடைசியில் எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் தகடு வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. எனக்கு அது வசதியாகப் போயிற்று. தகடு வைத்தால் வால்வு அடைக்காது, வாஸ்தவம். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு முழுசும் தெருவுக்குப் போகும், சட்டத்துக்கும் விரோதம். எதிர்வீட்டு வேட்டி மட்டும் வெள்ளையாக இருக்கும். மனசாட்சி பேசவேண்டிய நேரத்தில் அம்மா பேசிவிட்டதால் எனக்குச் சிரமம் இல்லாமல் போயிற்று.

முக்கால் மணியில் மாட்டி முடித்தான். புஸ் நின்றது. ஸ்கேனரில் பி 0401-ஐ அழித்தான், பிள்ளையார் முன் விளக்கு அணைந்தது. அம்மாவுக்கு அதில் வருத்தம். போகும்போது மீட்டரைப் பார்த்தவன், “பத்து வருஷத்துல முப்பத்தோராயிரமா?” என்று கேட்டான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். “வண்டிய மாட்டு வண்டி மாதிரி ஓட்டிருக்கீங்க சார். வாரத்துக்கு ஒரு தடவை பைபாஸ்ல ஏத்தி, ஒரு கியர் கம்மியா வச்சு, மூவாயிரம் ஆர்.பி.எம்.ல அரை மணி நேரம் வெரட்டுங்க. சூடு ஏறினா கொஞ்சமாவது எரிஞ்சு போகும். இல்லன்னா அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடுவீங்க.”

ராத்திரி நோட்டை எடுத்தேன். ஸ்கேனர் 850. ஸ்ப்ரே 420. அலன் கீ செட் 380. கேஸ்கெட் 190. ஆட்டோ போக வர 240. மெக்கானிக் 1,200. மகனுக்குப் பிரஷ் 40, இது மறுநாள் சேர்த்தது. மொத்தம் 3,320. சர்வீஸ் சென்டரில் கேட்டது 3,200. “பழைய பேப்பர் போட்டதுல 36 ரூபா வந்துது. அதைக் கழிச்சுக்குங்க” என்றாள் மனைவி. கழித்தேன். நஷ்டம் 84 ரூபாய். ஒரு சட்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குக் கிளம்பினோம். அங்கே மதுரகாளியம்மன் கோயிலைப் பொதுவாகத் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். நடுவில் அம்பது கிலோமீட்டர் நேர் ரோடு. காவிரி தாண்டி, கொள்ளிடம் தாண்டி, சமயபுரம் டோல்கேட்டுக்கு அப்புறம் மூன்றாவது கியரில் மிதித்தேன். மூவாயிரம். பத்து வருஷத்தில் அந்த முள் அந்த எண்ணைப் பார்த்ததே கிடையாது. தொட்டதும் கொஞ்சம் நடுங்கிற்று, அல்லது நடுங்கியது நான். பின்னால் ஒரு கறுப்பு மேகம் எழுந்தது. தொடர்ந்து வந்த லாரிக்காரர், லாரிக்காரர், வழிவிட்டு ஒதுங்கினார். “ஏண்டா இவ்வளவு சத்தம்? யார் மேல கோவம்?” என்று அம்மா பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். பாடாலூர் வருவதற்குள் கண்ணாடியில் மேகம் கரைந்து ரோடு தெரிந்தது. வண்டி, வாங்கின புதிதில்கூட இப்படி இழுத்ததில்லை. அல்லது இழுத்திருக்கும், நான் விட்டதில்லை. மைலேஜ் இருபத்திரண்டிலிருந்து பதினாறுக்கு வந்துவிட்டது. நோட்டில் எழுதும்போது பேனா ஓடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்ட தெம்பில், மறுநாள் வண்டியைக் கழுவினேன். திருஷ்டிப் பொட்டு மட்டும் போகவில்லை. சோப்புக்கு அசையவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பாதிதான் போயிற்று. வெக்கையில் காய்ந்து ஊறிவிட்டது போலிருக்கிறது. மிச்சம் கிடந்த ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, கடைசிச் சொட்டுகளைத் துணியில் பிடித்துத் தேய்த்தேன். பொட்டு பெரிதாகிற மாதிரி இருந்தது. மை பரவுகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு ரூபாய் அளவு ஆயிற்று. ஐந்து நிமிஷம் விடாமல் தேய்த்ததில் கொலுசுப் பெட்டி அளவுக்கு வந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. அந்தத் திரவம் கரியைப்போலவே பெயிண்டையும் கரைக்கும் என்றும், பெயிண்டுக்கு அடியில் பம்பரின் பிளாஸ்டிக் பிறவியிலேயே கறுப்பு என்றும் அப்போது தெரிந்துகொண்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, திருப்தியாகச் சொன்னாள்: “இப்பத்தான் தூரத்துலேர்ந்தே தெரியுது.”